உடல் மெலிந்துவிட்டது, மனம் ஏன் தேறவில்லை? வன்னி வாசகி ஒருவரின் கேள்விக்கு வைத்தியரின் பதில்

கேள்வி: எனக்கு 37 வயது. கிளிநொச்சி மாவட்டத்தில் வசிக்கிறேன். நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் இருந்தன. நிறை 118 கிலோ. கனடாவில் இருக்கும் அண்ணா பணம் அனுப்ப, எட்டு மாதங்களுக்கு முன்னர் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் இரைப்பையைச் சிறிதாக்கும் ‘சிலீவ்’ சத்திரசிகிச்சை செய்துகொண்டேன். இப்போது 84 கிலோ. இரண்டு மாதங்களாக அதிலேயே நிற்கிறது. தலைமுடி கொத்தாக உதிர்கிறது. சோறு சாப்பிட்டால் நெஞ்சில் அடைத்து வாந்தி வருகிறது. மூன்று கிழமையாக அது கூடியிருக்கிறது. வயலில் குனிந்து நிமிர்ந்தால் தலை சுற்றுகிறது. கால் விரல்களில் விறைப்பும் இருக்கிறது. காண்கிறவர்கள் எல்லோரும் ‘என்ன வருத்தமோ’ என்று கேட்கிறார்கள். கோப்பையில் சோற்றை மிச்சம் விட்டால் அம்மா அழுகிறா. 2009இல் ஒரு சுண்டு அரிசியில் கஞ்சி காய்ச்சி ஒன்பது பேர் குடித்ததைச் சொல்கிறா. கண்ணாடியில் பார்த்தால் எனக்கு இன்னமும் பழைய உடம்புதான் தெரிகிறது. இரவில் எல்லோரும் படுத்த பின் குசினியில் தனியே இருந்து அழுகிறேன். மாமி அடுத்த பிள்ளையைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டா. இவ்வளவு செலவழித்தும் எனக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை? நான் செய்தது பிழையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பல கவலைகளுக்கு நடுவே ஒரே வரியில் நீங்கள் சொல்லிக் கடந்துபோன ஒரு விடயத்திலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. மூன்று கிழமையாக வாந்தி கூடியிருப்பதும் கால் விரல்கள் விறைப்பதும் சேர்ந்து வரும்போது, சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. விற்றமின் பி1 எனப்படும் தயமினை நமது உடல் சில கிழமைகளுக்குப் போதுமான அளவே சேமித்து வைத்திருக்கிறது. சாப்பிடுவது குறைந்து, சாப்பிட்டதும் வாந்தியாக வெளியேறும்போது அந்தச் சேமிப்பு விரைவாகத் தீர்ந்துவிடும். அதன் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று பாதங்களில் தொடங்கும் விறைப்பும் எரிவும்; அதைக் கவனிக்காமல் விட்டால் நடை தள்ளாடும், பார்வை இரட்டையாகத் தெரியும், நினைவு குழம்பும், அந்தக் கட்டத்தில் ஏற்படும் மூளைப் பாதிப்பு நிரந்தரமாகவும் ஆகிவிடலாம். விற்றமின் பி12 குறைவதாலும் விறைப்பு வரலாம், நீண்டகால நீரிழிவாலும் வரலாம். ஆனால் எது காரணம் என்று வீட்டிலிருந்து ஊகித்துக்கொண்டிருக்க இது நேரமில்லை. ஆகையால் இந்தப் பகுதியை உங்களுக்கு முன்கூட்டியே தனியாக அறிவித்து, கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு உடனே செல்லுமாறு கேட்டுக்கொண்டேன். இதே நிலையில் இருக்கக்கூடிய மற்றவர்களுக்காக அதை இங்கும் எழுதுகிறேன்.

அங்கு சென்றதும் முதலில் சொல்ல வேண்டியது, ‘எனக்கு இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை நடந்தது, மூன்று கிழமையாக வாந்தி’ என்பதைத்தான். வாந்தியோடும் களைப்போடும் வருகிறவருக்கு உடனே சேலைன் ஏற்றுவது எங்கும் உள்ள வழக்கம். ஆனால் தயமின் குறைந்திருக்கும் ஒருவருக்கு அதைக் கொடுக்காமல் குளுக்கோசு கலந்த சேலைனை ஏற்றினால், மிஞ்சியிருக்கும் கொஞ்சத் தயமினும் செலவாகி நிலைமை மோசமடையும். அதனால் தயமின் ஊசி முதலில் போடப்பட வேண்டும், குறைந்தது குளுக்கோசோடு சேர்த்தாவது கொடுக்கப்பட வேண்டும். சத்திரசிகிச்சை நடந்த விபரம் தெரிந்தால் எந்த வைத்தியரும் இதைச் செய்வார். தெரியாவிட்டால் செய்யாமல் போகக்கூடும். கொழும்பில் தந்த டயக்னோசிஸ் கார்ட்டின் (நோயும் சிகிச்சையும் எழுதிய அட்டை) பிரதி ஒன்றை எப்போதும் கிளினிக் கொப்பிக்குள் வைத்திருங்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சும் நினைவும் குழம்பினாலோ, எதைக் குடித்தாலும் தங்காமல் போனாலோ 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள், அது இலவசமானது.

வாந்திக்கான காரணத்தையும் தேடவேண்டும். சிலீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேற்பட்ட பகுதி அகற்றப்பட்டு, ஒடுங்கிய குழாய் போன்ற ஒரு பகுதியே மிஞ்சுகிறது. அந்தக் குழாய் எங்காவது மேலும் சுருங்கியிருந்தாலோ முறுகியிருந்தாலோ உணவு இறங்காமல் நிற்கும். வாந்தி புதிதாகக் கூடியிருப்பதால், கமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கொப்பிப் பரிசோதனை தேவைப்படலாம். அதற்காக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினால் தயங்காமல் போங்கள். அப்படித் தடையேதும் இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் சாப்பிடும் விதத்தில் இருக்கும். உதிரியாக வடித்த சோறும் காய்ந்த புட்டும் பாணும் இந்தச் சிறு குழாயில் திரண்டு அடைக்கக்கூடியவை, அதிலும் அவசரமாக விழுங்கும்போது. வயலுக்குப் போகும் அவசரத்தில் ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு எழும்பிய பழக்கம் உங்களுக்கு இருந்திருக்கும். இனி ஒரு நேரச் சாப்பாட்டுக்கு இருபது முதல் முப்பது நிமிடம் ஒதுக்கத்தான் வேண்டும். தேக்கரண்டியால் எடுத்து, கூழாகும்வரை மென்று விழுங்குங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள். சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்தே குடியுங்கள். நெஞ்சில் ஒரு அழுத்தம், திடீர் விக்கல், மூக்கால் நீர் வடிதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அதுதான் இரைப்பை நிறைந்துவிட்டதன் அடையாளம். அதற்கு மேல் ஒரு கவளமும் வேண்டாம், கோப்பையில் எவ்வளவு இருந்தாலும்.

தலைச்சுற்றைப் பற்றி நீங்கள் எழுதியபோது, பழைய குளிசைகளை இன்னமும் அதே அளவில் எடுக்கிறீர்களா என்பதை எழுதவில்லை. நிறையில் 34 கிலோ குறைந்த ஒருவருக்கு, 118 கிலோவில் இருந்தபோது எழுதிக்கொடுத்த குருதி அமுக்கக் குளிசை மிகையாக இருக்க நல்ல வாய்ப்புண்டு. லொசாற்றன் போன்ற மருந்தை அதே அளவில் எடுத்துக்கொண்டு, தண்ணீரும் குறைவாகக் குடித்து, வெயிலில் நாற்று நட்டால் எழும்பும்போது அமுக்கம் விழத்தான் செய்யும். நீரிழிவுக்குக் கிளிக்கிளசைட் எடுப்பவராயின் குருதியில் சீனி அளவுக்கு மீறிக் குறைவதும் நடக்கலாம். இவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்காமல், முதலில் நான் சொன்ன அந்த வைத்தியசாலைப் பயணத்திலேயே அளவை மாற்றித் தரும்படி கேளுங்கள்.

தண்ணீர் விடயத்தில் வன்னியில் இருப்பவர்களுக்கு ஒரு சொல் கூடுதலாகச் சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் ஒரு செம்பு தண்ணீர் குடிப்பது உங்களால் இனி முடியாது. அதனால் நாள் முழுவதும் மடக்கு மடக்காகக் குடித்து ஒன்றரை லீற்றரைத் தாண்ட வேண்டும். ஆனி ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசும்போது இரண்டு லீற்றரும் தேவைப்படும். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில், காரணம் முழுமையாகத் தெளியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பலரைப் பாதித்திருப்பதை நாம் அறிவோம். நீரிழிவும் குருதி அமுக்கமும் இருந்த ஒருவர் உடல் வற்றும்படி விடுவது சிறுநீரகங்களுக்கு மேலும் ஒரு சுமை. வயலுக்குப் போகும்போது ஒரு லீற்றர் போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள்; மத்தியானத்துக்குள் அது முடிந்திருக்க வேண்டும். சோடா வகைகள் வேண்டாம். இளநீர் குடிக்கலாம், ஒரே தடவையில் முழுவதையும் குடிக்காமல்.

இனி உணவு. உங்கள் இரைப்பை இப்போது ஏற்கும் அளவு சிறியது என்பதால், அதற்குள் முதலில் எது போகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். சோற்றை முதலில் சாப்பிட்டால் மீனுக்கு இடமிருக்காது. ஆகவே மீன், முட்டை, பருப்பு முதலில், பிறகு மரக்கறி, கடைசியாகவே இரண்டு மூன்று கரண்டி சோறு. இதற்காகக் கடைகளில் பெரிய விலைக்கு விற்கும் புரத மாவு டின்களை வாங்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இரணைமடுவிலும் முத்தையன்கட்டிலும் பிடிபடும் குளத்து மீனில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். சீனி போடாத ஒரு தம்ளர் பாலிலும் ஏறத்தாழ அவ்வளவே. எருமைத் தயிர், அவித்த பயறு, கௌபி, நெத்தலி, சோயாமீற் எல்லாம் உங்கள் ஊர்க் கடையிலேயே கிடைப்பவை. மீனை முள் நீக்கிச் சொதியில் மசித்தும், முருங்கை இலையைப் பருப்போடு குழைய வேகவைத்தும் சாப்பிட்டால் இலகுவாக இறங்கும். குரக்கன் கூழ் நல்லது. ஆனால் அதில் பாலோ பயறோ சேரவேண்டும், சர்க்கரை சேரக் கூடாது. பிஸ்கற், மிக்சர், ஐஸ்கிரீம், இனிப்புத் தேநீர் ஆகியவை வாந்தி வராமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும் என்பதால், சோறு ஒத்துக்கொள்ளாதவர்கள் மெல்ல மெல்ல அவற்றின் பக்கம் சாய்வதை நான் அடிக்கடி காண்கிறேன். ஒரு வருடம் கழித்து நிறை திரும்பி ஏறுவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

விற்றமின் குளிசைகளைப் பற்றிக் கொழும்பில் என்ன சொன்னார்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை; ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். இத்தகைய பெரிய சத்திரசிகிச்சையைச் செய்துவிட்டு, 300 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கும் ஒரு பெண்ணை அவரது மொழியில் ஒரு விளக்கமும் இல்லாமல் அனுப்பிவைப்பது சரியில்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குளிசைகள் ஆயுள் முழுவதும் தேவை. விற்றமின்களும் தாதுப்பொருள்களும் அடங்கிய ஒரு குளிசை நாள்தோறும்; மாதவிடாய் வரும் வயதில் இருப்பதால் இரும்புச்சத்து 45 முதல் 60 மில்லிகிராம்; கல்சியம் 1200 முதல் 1500 மில்லிகிராம், அதை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து; விற்றமின் டி; பி12ஐக் குளிசையாகவோ மாதம் ஒரு ஊசியாகவோ. இரும்புக் குளிசைக்கும் கல்சியக் குளிசைக்கும் இடையில் இரண்டு மணித்தியாலமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று மற்றதை உடலில் சேரவிடாது. தேநீரும் இரும்பைத் தடுக்கும். ஆகவே சாப்பாட்டோடும் இரும்புக் குளிசையோடும் பிளேன்ரீ வேண்டாம், அதை நாலு மணிக்குத் தனியே குடியுங்கள். நீரிழிவுக்கு மெற்போமின் எடுப்பவர்களுக்குப் பி12 மேலும் குறையக்கூடும். நாரி நோவு, தலையிடி என்று பாமசியில் டைக்குளோபெனாக், ஐபுபுறோபன், மெபனமிக் அசிட் வாங்கிப் போடாதீர்கள். வெட்டித் தைத்த இரைப்பையில் புண் உண்டாக அவை இடம்கொடுக்கும். பரசிற்றமோல் போதும். விரைவாக மெலிபவர்களுக்குப் பித்தப்பையில் கல் உண்டாவதும் அதிகம். வலது விலாவுக்குக் கீழே கடும் நோவும் காய்ச்சலும் வந்தால், அதை வாய்வு என்று நினைத்து ஓமத் தண்ணீரோடு விட்டுவிடாதீர்கள்.

முடி உதிர்வது உங்களுக்குப் பெரிய கவலையாக இருக்கும், ஆனால் சொல்ல அதிகம் இல்லை. பெரிய சத்திரசிகிச்சையும் விரைவான மெலிவும் உடலுக்கு ஓர் அதிர்ச்சி; அதனால் பெருந்தொகை முடிகள் ஒரே காலத்தில் ஓய்வுநிலைக்குப் போய், மூன்றாம் நான்காம் மாதத்தில் இருந்து உதிரத் தொடங்கும். வேர் அழிவதில்லை; புரதமும் இரும்பும் போதுமானால் சில மாதங்களில் திரும்ப வளரும். ஒரு வருடத்தைத் தாண்டியும் உதிர்ந்தால் குருதியில் இரும்போடு நாகத்தையும் (சிங்க்) பார்க்க வேண்டும். விலையுயர்ந்த எண்ணெய்களுக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

நிறை 84இல் நிற்பதும் அப்படியே. குளத்தின் துருசைத் திறந்தவுடன் வாய்க்காலில் பாயும் வேகம், குளத்து நீர்மட்டம் இறங்க இறங்கத் தணிவது உங்களுக்குத் தெரியும், உடலும் அப்படித்தான். முதல் ஆறு மாதத்தில் விரைவாகவும் பிறகு விட்டுவிட்டும் குறைந்து, 12 முதல் 18 மாதங்களுக்குள் ஒரு நிலைக்கு வந்து சேரும். இரண்டாம் வருடத்துக்குப் பின் சில கிலோ ஏறுவதும் இயல்புதான். எட்டு மாதத்தில் உடல் நிறையின் கால் பங்குக்கும் அதிகமாகக் குறைந்திருப்பது நல்ல பலன். அண்ணா ஒவ்வொரு முறை வட்ஸ்அப்பில் அழைக்கும்போதும் நிறையைக் கேட்பவராக இருந்தால், மாதம் ஒரு தடவை மட்டுமே நிறுப்பதாக அவரிடம் சொல்லுங்கள். செலவழித்தவருக்குக் கணக்கு ஒப்புவிக்கும் மனநிலையில் தராசில் ஏறுவது உங்களுக்கு நல்லதில்லை. வாந்தி நின்று உடல் தேறியதும் மாலை வேளையில் குளக்கட்டில் நடப்பதையும், சைக்கிள் ஓடுவதையும், தண்ணீர் வாளி தூக்கும் வேலையையும் தொடருங்கள். தசையைக் காப்பதற்கு அவை போதும்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்: ஏன் சந்தோஷம் வரவில்லை என்பது.

இரைப்பையின் அகற்றப்பட்ட மேற்பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிறெலின் என்ற சுரப்பு அதிகம் உண்டாகிறது. அதனால் முதல் மாதங்களில் பசி அடங்கியிருந்திருக்கும். பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். ஆனால் உணவின் மீதான நாட்டம் வயிற்றோடு முடிவதில்லை. நீங்கள் இருபது வயதை ஒட்டியவராக இருந்தபோது, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, அடுத்த நேரத்துக்கு உணவு இருக்குமா என்று தெரியாமல் மாதக்கணக்கில் வாழ்ந்திருக்கிறீர்கள். அப்படி வாழ்ந்த ஒருவரிடம், கிடைக்கும்போது வயிறு நிறையச் சாப்பிடுவதும், விரைவாகச் சாப்பிடுவதும், கோப்பையில் மிச்சம் விடாதிருப்பதும் பிற்காலத்தில் நிலைத்துவிட்டால் அதைப் பேராசை என்றோ கட்டுப்பாடின்மை என்றோ யாரும் சொல்லக் கூடாது. 1944, 1945 ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதங்கள் ஏறத்தாழப் பாதி உணவே கொடுத்து ஆராய்ந்தார்கள். அவர்கள் இரவு பகலாக உணவையே நினைத்தார்கள், சமையற்குறிப்புகளைச் சேர்த்தார்கள், மனம் சோர்ந்தார்கள். போதிய உணவு திரும்பக் கிடைத்த பின்பும் பலர் நீண்ட நாள்களுக்கு, வயிறு நிறைந்தும் திருப்தி வராமல் சாப்பிட்டார்கள். அவர்கள் பாதுகாப்பான ஒரு கட்டடத்தில், முடிவுத் திகதி தெரிந்த பசியை அனுபவித்தவர்கள். எறிகணைகளுக்கு நடுவே, முடிவே தெரியாமல் நீங்களும் உங்கள் அம்மாவும் அனுபவித்த பசி எத்தனை ஆழமாகப் பதிந்திருக்கும் என்பதை இதிலிருந்து எண்ணிப்பாருங்கள்.

அதற்குப் பின் வந்த வருடங்களில் உணவுதான் உங்களைத் தேற்றியிருக்கும். துக்கம் வந்தபோதும், தனிமை வந்தபோதும், நித்திரை வராதபோதும், குசினியில் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற நினைப்பே ஒரு நிம்மதி. அந்த நிம்மதியைச் சத்திரசிகிச்சை ஒரே நாளில் எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒன்றையும் தரவில்லை. இரவில் எல்லோரும் படுத்த பின் நீங்கள் குசினியில்தான் போய் இருக்கிறீர்கள் என்று எழுதியிருப்பதை நான் கவனித்தேன். உங்களிடம் இருப்பது ஓர் இழப்புக்கான துக்கம். நன்றியில்லாதவள் என்றோ, அண்ணாவின் பணத்தை வீணாக்கியவள் என்றோ உங்களை நீங்களே ஏசிக்கொள்ளக் காரணமில்லை. அந்த இரவு நேரத்துக்கு வேறொன்று தேவைப்படுகிறது: முற்றத்தில் கணவரோடு பத்து நிமிடம் இருப்பது, தேவாரமோ செபமோ, தையல் வேலை, யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு சிநேகிதிக்குத் தொலைபேசி அழைப்பு, எது உங்களுக்குப் பொருந்துமோ அது. வெறுமனே ‘சாப்பிடாதே’ என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதால் அந்த நேரம் நிரம்பாது.

கண்ணாடியில் பழைய உடம்பே தெரிவதும் பலர் சொல்லும் அனுபவம்தான். உடலைப் பற்றி மூளை வைத்திருக்கும் படம் மாற, உடல் மாறுவதைவிட அதிக காலம் எடுக்கும். சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். பழைய சட்டைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிடுங்கள். தொங்கும் தோல் மனதைச் சங்கடப்படுத்தும். வியர்வையில் மடிப்புகள் புண்ணாகாதபடி உலர்த்தி, பருத்தி உடுப்புகளை அணியுங்கள். தோலை அகற்றும் சத்திரசிகிச்சையைப் பற்றி நிறை நிலையாக நின்ற பிறகே யோசிக்கலாம்.

‘என்ன வருத்தமோ’ என்று ஊரவர்கள் கேட்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. போர் முடிந்தபோது இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து முகாம்களில் எலும்பும் தோலுமாக நின்றவர்களைப் பார்த்த கண்கள் அவை. அந்த மண்ணில் ஒருவர் திடீரென்று மெலிந்தால் பட்டினி, புற்றுநோய், துக்கம் என்றே நினைப்பு போகும். அவர்கள் உங்களைக் குறைசொல்வதைவிட உங்களுக்காகப் பயப்படுவதே அதிகம் என்று எண்ணுகிறேன். எல்லோருக்கும் சத்திரசிகிச்சையின் கதையைச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. ‘சீனி வருத்தத்துக்கு வைத்தியம் செய்தனான், இப்ப சுகம்’ என்ற ஒரு வசனம் பெரும்பாலானவர்களுக்குப் போதும், அது உண்மையும்கூட. கலியாண வீட்டிலும் அந்தியேட்டியிலும் இலையில் வைப்பதற்கு முன்பே ‘அரைக் கரண்டி போதும்’ என்று சொல்லிவிடுங்கள். வைத்த பின் மறுப்பதுதான் கடினம். வற்றாப்பளைப் பொங்கலில் ஒரு தேக்கரண்டி வாயில் வைத்தால் அம்மன் ஏற்றுக்கொள்வாள். கந்தசஷ்டி போன்ற விரதங்களில் நீரும் அருந்தாமல் இருப்பதை இந்த வருடம் கட்டாயம் தவிருங்கள்.

அம்மாவைப் பற்றி எழுதும்போது நான் நிதானமாக எழுத விரும்புகிறேன். ஒரு சுண்டு அரிசிக் கஞ்சியை ஒன்பது பேருக்குப் பங்கிட்டவர் அவராகவே இருந்திருப்பார். தனக்கு எவ்வளவு எடுத்தார் என்பதும் அவருக்கு மட்டுமே தெரியும். கோப்பையில் மிஞ்சும் சோறு, தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாமல் போன அந்த நாள்களை அவருக்கு நினைவுபடுத்துகிறது. அவரிடம் மருத்துவம் பேசி வெல்ல முடியாது. மிச்சமே வராதபடி செய்துவிடுவதுதான் வழி: ஒரு சிறிய கோப்பையை, குழந்தைகளுக்கு வைப்பது போன்ற ஒன்றை, உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் அம்மாவே தன் கையால் போடட்டும், நீங்கள் முழுவதையும் சாப்பிட்டு முடியுங்கள். மூன்று நேரத்துக்குப் பதில் ஐந்து தடவை அவர் உங்களுக்குச் சாப்பாடு தரலாம். மீனை முள் நீக்கி மசிப்பதையும், பயறு அவிப்பதையும், தயிர் உறைய வைப்பதையும் அவரிடம் பொறுப்பாக ஒப்படையுங்கள். அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனால், சீனியின் அளவு குறைந்திருப்பதை வைத்தியரின் வாயாலேயே கேட்பார். மே 18இல் முள்ளிவாய்க்கால் கஞ்சியைச் சிரட்டையில் வாங்கும்போது, நீங்கள் நாலு மடக்கு குடித்துவிட்டு மிகுதியை அம்மாவிடம் கொடுக்கலாம். அன்றைக்கு அதில் குறையொன்றும் இருக்காது.

கணவரைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. 1987இல் தொடங்கி, நிறைக்குறைப்புச் சத்திரசிகிச்சை செய்தவர்களையும் செய்யாதவர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த சுவீடன் நாட்டு ஆய்வொன்று, சிகிச்சை பெற்றவர்களிடையே இறப்பு குறைந்ததையும் நீரிழிவு தணிந்ததையும் காட்டியது. அதே ஆய்வில், சிகிச்சைக்குப் பின் உறவுகள் கூடுதலாக மாறுவதும் தெரியவந்தது: தனியாக இருந்தவர்கள் துணை தேடிக்கொண்டார்கள், சேர்ந்திருந்தவர்களில் சிலர் பிரிந்தார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒருவரின் உடல் மாறும்போது வீட்டில் எல்லோருடைய இடமும் சற்று அசைகிறது. அதைப் பேசாமல் விட்டால் மௌனமாகிவிடும். நீங்கள் இரவில் அழுவது அவருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

மாமியின் கேள்விக்குப் பதில் தெளிவானது. சத்திரசிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள்வரை கருத்தரிக்கக் கூடாது. உடலில் சத்து வற்றியிருக்கும் காலத்தில் அது உங்களுக்கும் பிள்ளைக்கும் நல்லதல்ல. ஆனால் நிறை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால், இப்போதைக்குத் தடுப்பு முறை அவசியம். வாந்தி இருக்கும்போது கருத்தடைக் குளிசையை நம்ப முடியாது. கருப்பைக்குள் வைக்கும் லூப் போன்ற வேறு முறைகளைப் பற்றி உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசுங்கள்.

நீங்கள் செய்தது பிழையா என்று கேட்டிருந்தீர்கள். 37 வயதில் நீரிழிவும் உயர் அமுக்கமும் 118 கிலோ நிறையும் கொண்ட ஒருவருக்கு இந்தச் சிகிச்சை நியாயமானது. பிழை என்று நான் நினைக்கவில்லை. அதற்குப் பிந்திய கவனிப்புத்தான் உங்களுக்குக் கிடைக்கவில்லை. அதில் உளநலக் கவனிப்பும் அடங்கும். தொடர்ந்து இரண்டு கிழமைக்கு மேல் அழுகையும் நித்திரையின்மையும் எதிலும் பற்றின்மையும் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், அதற்கு மருந்தும் ஆற்றுப்படுத்தலும் உண்டு. இத்தகைய சத்திரசிகிச்சைக்குப் பின் சிலருக்குத் தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் கூடுவதை மருத்துவ உலகம் அறிந்திருக்கிறது. அப்படி ஓர் எண்ணம் ஒரு கணம் வந்தாலும் அதை ஒளிக்காமல் கணவரிடமோ வைத்தியரிடமோ சொல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம். மதுவின் போதை இச்சிகிச்சை செய்தவர்களுக்கு விரைவாக ஏறும், பழக்கமாகவும் விரைவில் மாறும் என்பதை, இதே சிகிச்சை செய்த ஆண் வாசகர்களுக்காகவும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

வைத்தியசாலைக்குப் போகும்போது, வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், பெயர் தெரியாதவற்றையும் சேர்த்து. குருதிக் கலங்களின் எண்ணிக்கை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின், பி12, விற்றமின் டி, கல்சியம், சிறுநீரகத்தின் செயற்பாடு, மூன்று மாதச் சீனியின் சராசரி ஆகியவற்றைப் பார்க்கும்படி கேளுங்கள். சிலவற்றை வெளியில் செய்ய வேண்டியும் வரலாம். முடிவுகள் கிடைத்ததும் எனக்கு எழுதி அனுப்புங்கள். இரும்பைக் குளிசையாகத் தொடர்வதா, ஊசியாக ஏற்றுவதா என்பதை அந்த எண்களைப் பார்த்த பின்னரே என்னால் சொல்ல முடியும்.